சாயங்காலம் ஆனால் வீட்டு வைஃபை ஏன் தடுமாறுகிறது?

ரூட்டரை மாற்றவா, இல்லை 2000 ரூபாய்க்கு ஒரு பூஸ்டர் வாங்கி மாடிப்படியில் மாட்டவா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் கீழும் மேலுமாக இரண்டு தளம் உள்ள வீடு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர், ரூட்டர் கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், நீங்கள் வேலை பார்ப்பது மாடி அறையில். பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிற நெட், இரவு 7 மணிக்கு மேல் மீட்டிங் ஆரம்பித்ததும் உறைந்து நிற்கிறது. மொபைலில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து, ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு, 95 காட்டி, 'லைன் ஓகே சார்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது? தெருவிலிருந்து வரும் ஃபைபரிலா, அந்தப் பெட்டியிலா, பெட்டியிலிருந்து உங்கள் லேப்டாப் வரைக்குமான காற்றிலா?

நான் 14 வருடமாக வீடுகளுக்கு இணைப்பு கொடுத்துப் பழுது பார்க்கிற வேலையில் இருக்கிறேன், முதலில் டிவி கேபிள் வழியாக வந்த பிராட்பேண்ட், அப்புறம் ஃபைபர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வந்தவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் மிகைப்படுத்தவில்லை. அவர் பார்த்தது பகல் நேரத்தில், ரூட்டருக்கு இரண்டடி தூரத்தில். உங்கள் தொல்லை ராத்திரி, ஒரு கான்கிரீட் தளத்துக்கு மேலே. இன்னொன்று, ஸ்பீடு டெஸ்ட் ஒரு பத்துப் பதினைந்து விநாடியில் எவ்வளவு டேட்டா வந்து சேர்கிறது என்று கூட்டிப் பார்க்கிற அளவு. நடுவில் அரை விநாடி ஒன்றுமே வராமல் நின்றுவிட்டு அப்புறம் மொத்தமாக வந்தாலும் அது 90, 95 என்றுதான் காட்டும். மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தாலே தாராளம், ஆனால் அந்த அரை விநாடி இடைவெளிதான் அதை உடைக்கிறது. அதனால் வேகம் போதுமா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். சீராக வருகிறதா என்பதை மட்டும் பார்ப்போம்.

அதற்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது, தொல்லை வருகிற அதே நேரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டும். லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால் சிஎம்டி (cmd) என்ற கட்டளைத் திரையை இரண்டு தடவை திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கு பிங் போடுங்கள், அதாவது ping என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு முகவரியை அடியுங்கள், பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும், இல்லையென்றால் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் காட்டும். இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8க்குப் போடுங்கள். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு -t என்று ஹைஃபனும் எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டிங் ஒரு பக்கம் நடக்கட்டும், இரண்டு திரையும் பக்கத்திலேயே திறந்திருக்கட்டும். வீடியோ உறைகிற அந்த நொடியில் எந்தத் திரை தடுமாறுகிறது என்று பாருங்கள். ரூட்டருக்கான எண்கள் வழக்கமாக 2, 5, 10 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். அதுவே 200, 400 என்று ஏறினாலோ 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வந்தாலோ, கோளாறு வீட்டுக்குள்ளேதான், காற்றில்தான், கம்பெனியைக் கூப்பிட்டுப் பயனில்லை. ரூட்டர் திரை அசையாமல் இருந்து 8.8.8.8 மட்டும் ஆடினால் கோளாறு பெட்டிக்கு அந்தப் பக்கம், அல்லது உங்கள் வீட்டிலேயே யாரோ ஏற்றத்தை, அதாவது அப்லோடை, நிரப்புகிறார்கள். அதற்குக் கீழே வருகிறேன். இரண்டும் சேர்ந்து ஆடினால் முதலில் காற்றைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் 8.8.8.8க்குப் போகிற பிங்கும் அதே காற்றைத் தாண்டித்தான் போகிறது. சில ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், எப்போதாவது ஓர் எண் குதித்தால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள், கூட்டமாகக் குதிக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் அடுத்த நாள் அதே நேரத்தில் லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் லேன் கேபிளில் நேராகச் செருகி, ஒரு மீட்டிங்கை அங்கேயே நடத்திப் பாருங்கள். கேபிளில் ஒரு மணி நேரம் சிக்கலில்லாமல் ஓடினால் ஃபைபரையும் கம்பெனியையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ரூட்டர் மாற்றி, கம்பெனி மாற்றி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்பவர்களை மாதாமாதம் பார்க்கிறேன்.

சரி, சிக்னல் முழுசாகக் காட்டும்போது காற்றில் எப்படிக் கோளாறு இருக்க முடியும்? மொபைலில் தெரியும் அந்தக் கோடுகள் ரூட்டர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்கின்றன. நீங்கள் பேசுவது அதற்குக் கேட்கிறதா என்பதைச் சொல்வதில்லை. கீழே முற்றத்தில் நின்று தாத்தா கூப்பிட்டால் மொட்டை மாடி வரை கேட்கும், மாடியிலிருந்து பேரன் மெல்லப் பதில் சொன்னால் கீழே விழாது. ரூட்டருக்குத் தாத்தாவின் குரல், மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் பேரனின் குரல். மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் மேலேறிப் போக வேண்டுமே, அது அந்தச் சின்னக் குரலில்தான் போகிறது. அப்புறம் ஒலி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சந்தைக்கடையில் நின்றால் புரியாது, அக்கம்பக்க இரைச்சலையும் அந்தக் கோடுகள் காட்டுவதில்லை. கோடுகளை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் டிபிஎம் என்ற அளவில் கழித்தல் குறியோடு காட்டும். -50 என்றால் அருமை, -67 வரைக்கும் வீடியோ பேசலாம், -75க்கு அப்பால் மீட்டிங்கை நம்பி உட்கார முடியாது. இந்த அளவில் 3 குறைந்தாலே சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், அதனால் -67க்கும் -70க்கும் நடுவில் இருப்பது சின்ன வித்தியாசம் இல்லை.

பகலில் ஓடி ராத்திரி தடுமாறுவதற்கு மூன்று காரணங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது அக்கம்பக்க வீடுகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நம் ஊரில் 13 சேனல்கள் உண்டு என்றாலும், ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்று மூன்றுதான். நெருக்கமான தெருவில் 15, 20 ரூட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடைந்துகிடக்கும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், அதுதான் வைஃபையின் ஒழுங்கு. பகலில் ஆள் இல்லை, காத்திருப்பும் இல்லை. 7 மணிக்கு எல்லோரும் வீடு திரும்பி டிவியைப் போட்டதும் வரிசை நீள்கிறது. கூட்டம் குறைவாகத் தெரிகிறதே என்று சிலர் 3, 4, 8 என்று இடைப்பட்ட சேனலில் வைப்பார்கள், அது இன்னும் மோசம், ஏனென்றால் அப்போது பக்கத்து ரூட்டர் பேசுவது உங்களுக்குப் புரிகிற பேச்சாக இல்லாமல் வெறும் இரைச்சலாக விழுகிறது. செயலியில் பார்த்து 1, 6, 11 இல் எது லேசாக இருக்கிறதோ அதில் ரூட்டரை வையுங்கள், பிரவுசரில் ரூட்டரின் முகவரியை அடித்தால் வரும் அமைப்புப் பக்கத்தில் இதை மாற்றலாம், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று கட்டாயமாகப் போடுங்கள். 40 என்று இருந்தால் இருக்கிற மூன்றில் இரண்டு சேனலை நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள், எல்லோருடைய இரைச்சலையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

உங்கள் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸும் கொடுக்கிறதா என்று பாருங்கள், பெட்டியில் ஏசி (802.11ac) அல்லது வைஃபை 6 என்று போட்டிருந்தால் அநேகமாகக் கொடுக்கும். அதில் இடம் தாராளம், இரைச்சல் குறைவு. மாடியில் -67க்குள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கே மாறுங்கள். ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தை அது 2.4 அளவுக்குத் தாண்டாது, அதுதான் சிக்கல். இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் எதில் இருக்கிறது என்பதே தெரியாது, படியேறும்போது 5இலிருந்து விழுந்து 2.4க்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோதிக்கிற நாட்களிலாவது இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். 5இல் சேனலை 36 முதல் 48க்குள் அல்லது 149 முதல் 161க்குள் வைப்பது நல்லது. 52 முதல் 144 வரை இருப்பவை ராடாரோடு பகிர்ந்துகொள்கிறவை, ராடார் அலை என்று நினைத்தால் ரூட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலகும்படி செய்யப்பட்டது, அந்த நேரத்தில் எல்லோருக்கும் இணைப்பு அறுந்து வரும். இன்னும் இரண்டு சின்ன விஷயம்: சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது அது வேலை செய்வதும் இதே 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். ரூட்டருக்குப் பின்னால் யாராவது யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதன் கேபிளிலிருந்தும் 2.4இல் இரைச்சல் கசியும், பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

ரூட்டர் இருக்கும் இடத்தைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே பேசுவேன். போன வருடம் உங்கள் வீட்டைப் போலவே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் தேக்கு ஷோகேஸ், நடுவில் 55 அங்குல டிவி, அதன் முதுகுக்குப் பின்னால் ரூட்டரைப் படுக்க வைத்து, ஒயர் தெரியக் கூடாது என்று மேலே ஒரு துணி போட்டிருந்தார்கள். தொட்டால் சூடு கையில் உறைத்தது. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் படுக்கையறை, அங்கே சுவரை ஒட்டி இரும்பு பீரோ, கதவில் ஆள் உயரக் கண்ணாடி. டிவியின் பின்பக்கத் தகடு, பீரோ, கண்ணாடி எல்லாமே அலையைத் திருப்பி அடிப்பவை. நான் புதிதாக எதையும் மாட்டவில்லை. ஃபைபர் சுருளில் மிச்சம் இருந்த மூன்று மீட்டரை மெல்லப் பிரித்து, ரூட்டரை மாடிப்படி ஆரம்பிக்கும் இடத்தில், தலை உயரத்தில் சுவரில் மாட்டினேன். படிக்கட்டுத் திறப்பில் தளமே கிடையாது, காற்று நேராக மேலே போகிறது. மாடி அறையில் -78 ஆக இருந்தது -63க்கு வந்தது. எல்லா வீட்டிலும் இவ்வளவு கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் முயன்று பார்க்கச் செலவு ஒரு ஆணிதான். ஃபைபரை மட்டும் நீங்களாக இழுக்காதீர்கள், விரல் சுற்றளவுக்கு மடித்தாலே ஒளி வெளியே கசிந்துவிடும். அதை வந்தவரைச் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே. பையன் டியூஷன் முடிந்து வருகிறான், மனைவி அலுவலகத்திலிருந்து வருகிறார், வீட்டு வைஃபை கிடைத்ததும் எல்லா மொபைலும் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கும். யாரும் எதையும் அமுக்கவில்லை, தானாக நடக்கிறது. வாசலில் சிசிடிவி கேமரா கிளவுடில் பதிவு செய்கிறது என்றால் அதுவும் சேரும். ஏற்றம் முட்டியதும் ரூட்டருக்குள் வரிசை கட்டுகிறது, உங்கள் குரல் தாங்கிய சின்னப் பொட்டலம் நூறு எம்பி வீடியோவுக்குப் பின்னால் நின்று காத்திருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில்தான் மேலே சொன்ன 8.8.8.8 திரை 20 இலிருந்து 500, 800 என்று ஏறும், ஆனால் டைம்டு அவுட் அதிகம் வராது. உறுதி செய்வது சுலபம்: மத்தியானம், நெட் நன்றாக இருக்கும்போதே, மொபைலில் ஒரு பெரிய வீடியோவை கிளவுடுக்கு ஏற்ற விட்டு பிங்கைப் பாருங்கள். எண் ஏறினால் இதுதான். படங்கள் ஏறுவதை ராத்திரி 11க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ரூட்டரில் கியூஓஎஸ் (QoS) என்ற, வேகத்தைப் பங்கிடும் பகுதி இருந்தால் ஏற்றத்தை உண்மையில் கிடைப்பதில் 85, 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள். வரிசை அங்கே சேராது.

மூன்றாவது வெளியே. ஃபைபர் என்பது உங்களுக்கென்று தனியாக இழுத்த குழாய் இல்லை. ஜிபான் (GPON) என்ற ஃபைபர் வகையில் ஒரு கிளைக்கு இறக்கம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏற்றம் 1.25, அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். கேபிள்காரர்கள் பலர் போட்டிருக்கும் ஈபான் (EPON) வகையில் இரண்டு பக்கமும் 1 ஜிபிபிஎஸ்தான். இது பொதுவாகப் போதும், நெரிசல் வருவது அதற்கு மேலே, அந்த ஆபரேட்டர் மொத்தமாக வாங்கியிருக்கும் அளவில். அதை நீங்கள் வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது, நானும் முடியாது. ஆனால் லேன் கேபிளில் இரவு 8 மணிக்கு எடுத்த பிங் படத்தையும், காலை 11 மணிக்கு எடுத்ததையும் பக்கம் பக்கமாக அனுப்பினால் 'லைன் ஓகே' என்ற பதில் வராது, அதை வைத்து மேலதிகாரி வரை போகலாம்.

வெளியே என்றால் ஒளி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரவுசரில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே ஆர்எக்ஸ் பவர் (RX Power) என்று, வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம்மில் இருக்கும். -15க்கும் -24க்கும் நடுவில் நிம்மதி, -27ஐ நெருங்கினால் விளிம்பில் நிற்கிறது. இதையும் தொல்லை வருகிற நேரத்தில்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று ஒரு வீட்டில் கற்றுக்கொண்டேன். தினமும் ஆறரை மணிக்கு நெட் போகும், நாலு பேர் பகலில் வந்து பார்த்து -21, நன்றாக இருக்கிறது என்று போய்விட்டார்கள். நான் ஒரு நாள் சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்தேன். ஆறரை ஆனதும் அந்த அம்மா, 'கொசு வந்துரும்' என்று எழுந்து போய் ஹால் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். ஃபைபர் அந்த ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் உள்ளே வந்திருந்தது. சாத்தியதும் பெட்டியில் ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது, எண் -29. ஜன்னலைத் திறந்தால் பழையபடி -21. சுவரில் ஒரு துளை போட்டு ஒயரை மாற்றினோம், அத்தோடு தீர்ந்தது. உங்கள் வீட்டில் ஃபைபர் எந்த வழியாக வருகிறது, 7 மணிக்கு வீட்டில் எதை மூடுகிறீர்கள், எதை நகர்த்துகிறீர்கள் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள்.

அதே அமைப்புப் பக்கத்தில் அப்டைம் என்ற வரியையும் பாருங்கள், பெட்டி கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். ராத்திரி 7 மணிக்குக் கட்டானது, 10 மணிக்குப் பார்த்தால் அப்டைம் 3 மணி நேரம்தான் காட்டுகிறது என்றால் பெட்டி தானாக அணைந்து எழுந்திருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களிலும், இன்வெர்ட்டர் மாறும்போதும், பழைய 12 வோல்ட் அடாப்டர் தாங்காது. அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள அடாப்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். ரூட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் வீட்டில் அடாப்டரை மட்டும் மாற்றிச் சரியானது எனக்கு நிறைய உண்டு.

இனி பூஸ்டர். விலை குறைந்த பூஸ்டர்களில் பெரும்பாலானவை ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்பவை, அதனால் வேகம் பாதியாகும், காத்திருப்பு இரட்டிப்பாகும். படம் பார்க்க ஓடும், மீட்டிங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதிலும் சிக்னல் இல்லாத மாடி அறையிலேயே கொண்டுபோய்ச் செருகுகிறார்கள், கேட்காத இடத்தில் நின்று அது எதைத் திருப்பிச் சொல்லும்? விலை கூடிய மெஷ் செட்டும், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவதும், இரண்டு பெட்டிக்கும் நடுவில் அதே கான்கிரீட் தளத்தைத்தான் தாண்ட வேண்டும். பிங் சோதனையில் காற்றுதான் குற்றவாளி என்று வந்து, இடம் மாற்றியும் சேனல் மாற்றியும் போதவில்லை என்றால், என் பதில் ஒன்றே: மாடிக்கு ஒரு கேபிள் இழுங்கள். படிக்கட்டு ஓரமாகக் கேசிங் வைத்தோ, பழைய டிவி கேபிள் போன குழாய் வழியாகவோ போகும். மின்சார ஒயர் போகும் குழாயில் மட்டும் வேண்டாம். லேப்டாப்பில் நேராகச் செருகலாம், அல்லது வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரை மேலே வைத்து அதன் லேன் துளையில் செருகலாம். அப்படிச் செய்தால் முதலில் அந்த ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்பது போல மாற்றி, அதில் டிஹெச்சிபியை (DHCP), அதாவது மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்று நின்றுகொண்டு இரண்டுமே முகவரி கொடுக்க ஆரம்பித்தால், மொபைல் வைஃபையில் இணைந்திருக்கும், நெட் மட்டும் வராது, இப்போது இருப்பதைவிடப் பெரிய குழப்பம்.

கேபிள் வாங்கும்போது கேட்6 என்று மட்டும் கேட்காதீர்கள், முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது பாதி விலைக்கு வரும், முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும். உள்ளே எட்டு ஒயரில் ஒன்று ஒடிந்தாலும் 1000 ஓட வேண்டிய கேபிள் 100க்கு இறங்கிவிடும், சில சமயம் அதுவும் வராது. படிக்கட்டை அளந்தால் 12 மீட்டர் வருகிறது என்றால் 15 ஆக வாங்குங்கள், மிச்சத்தை மாடி அறையில் பெரிய வளையமாகச் சுற்றி வைத்தால் நாளைக்கு மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தினாலும் எட்டும்.